பொதுச்செவியும் தனிச்செவியும்: தாம்பரம் புறநகர் வாழ்வில் ஒலிக்கருவிகளின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

ஒலியைப் பெருக்கவும் பதியவும் கடத்தவும் உருவான கருவிகள் கடந்த நூறாண்டுகளில் சென்னையின் கேட்கும் முறையை இருமுறை மாற்றியுள்ளன. ஒலிபெருக்கியும் வானொலியும் பலரை ஒரே நேரத்தில் ஒரே ஒலியைக் கேட்கச் செய்தன. திறன்பேசியும் காதொலிப்பானும் ஒரே இடத்தில் நெருங்கி நிற்பவர்களைக்கூடத் தனித்தனி ஒலிகளுக்குள் பிரித்து வைத்துள்ளன. இம்மாற்றத்தைச் சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் தடத்தையும் அதனைச் சார்ந்த தென்புறநகர் வாழ்வையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஒலி குறித்த சட்டங்கள் வெளியே பரவும் ஒலியை மட்டுமே கருத்தில் கொண்டுள்ளன என்பதும், செவிக்குள் அடங்கும் ஒலியின் விளைவுகளைத் தனிமனிதர் தாமே சுமக்க வேண்டியுள்ளது என்பதும் இதன் வழிப் பெறப்படும் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: ஒலிபெருக்கி, காதொலிப்பான், மின்சார ரயில், தாம்பரம், ஒலி மாசு, செவித்திறன், கேட்டல்.

முன்னுரை

தமிழ் மரபில் கேட்டல் என்பது அறிவைப் பெறும் வழிகளுள் ஒன்றாக மதிக்கப்பெற்றது. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி' என்னும் பெயரையே பெற்றுள்ளது. 'கேள்வி' என்ற சொல் வினாவையும் செவிவழிப் பெறும் கல்வியையும் ஒருங்கே குறிப்பது நோக்கத்தக்கது. ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்கும் உறவு அச்சொல்லுக்குள்ளேயே அமைந்துள்ளது. இன்றைய ஒலிக்கருவிகள் இவ்வுறவை எவ்வாறு மாற்றியுள்ளன என்னும் வினா, தொழில்நுட்பத்திற்கு மட்டுமன்றிப் பண்பாட்டு ஆய்விற்கும் உரியதாகும்.

இவ்வினாவை ஆராயத் தாம்பரமும் அதனைச் சுற்றியுள்ள தென்புறநகர்ப் பகுதிகளும் தக்க களமாக அமைகின்றன. 1928இல் தோன்றிய காசநோய் சானடோரியம், 1937இல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1984இல் அமைந்த சென்னை ஏற்றுமதி வளாகம் ஆகியன இப்பகுதியின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்கவை. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. மருத்துவமனை, கல்லூரி, தொழிற்கூடம், வானூர்தி நிலையம், நெடுஞ்சாலை, ரயில் தடம் ஆகிய அனைத்தும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பதால், அமைதி தேவைப்படும் இடங்களும் ஒலி மிகுந்த இடங்களும் இங்கு அடுத்தடுத்து உள்ளன.

பொதுச்செவியின் காலம்

சென்னையில் ஒலிபரப்பு ஒரு கூட்டு முயற்சியாகவே தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைக்கப்பெற்றது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. பொருள் நெருக்கடியால் 1927இல் அது நின்றுபோக, சென்னை மாநகராட்சி 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ஒலிபரப்பைத் தானே ஏற்று நடத்தத் தொடங்கியது. வானொலிப் பெட்டி பெரும்பாலோர்க்கு எட்டாத பொருளாக இருந்த அக்காலத்தில் கடற்கரை முதலான பொது இடங்களில் வைக்கப்பட்ட ஒலிபெருக்கிகளின் வழியாகவே நகர மக்கள் வானொலியைக் கேட்டனர். 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அனைத்திந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது.

இக்காலத்தின் கருவிகளுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. கருவி ஒன்றாகவும் கேட்போர் பலராகவும் இருந்தனர். தெருவில் ஒரு வீட்டில் இருந்த வானொலிப் பெட்டியும், தேநீர்க்கடையில் ஒலித்த செய்தியறிக்கையும், பொதுக்கூட்ட மேடையின் ஒலிவாங்கியும் இத்தன்மையனவே. மேடைத்தமிழ் இருபதாம் நூற்றாண்டின் அரசியலை வடிவமைத்த பாங்கினைப் பெர்னார்ட் பேட் தம் 2009ஆம் ஆண்டு நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பல்லாயிரவர் கூடிய திடலில் ஒரே குரல் கடைசி வரிசை வரை சென்று சேர ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இன்றியமையாதவையாயின. எனவே, தமிழகத்தின் மக்களாட்சி அரசியலுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் உள்ள தொடர்பு ஆழமானது எனலாம்.

இதே காலத்தில்தான் தாம்பரம் நகரத்தோடு நெருங்கிப் பிணைந்தது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 29 கிலோமீட்டர் மீட்டர்பாதைத் தடத்தில் 1931ஆம் ஆண்டு மே மாதம் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. நகரில் பணியும் புறநகரில் இல்லமும் என்ற வாழ்க்கைமுறைக்கு இத்தடமே அடித்தளமிட்டது. நாள்தோறும் இரண்டு மணிநேரத்தைப் பயணத்தில் செலவிடும் ஒரு சமூகம் இவ்வாறு உருவாயிற்று. பின்னாளில் காதொலிப்பான் இங்கு வேரூன்றியதற்கு இப்பயண நேரம் முதன்மைக் காரணமாயிற்று.

ஒலிநாடாவும் குழாய் ஒலிபெருக்கியும்

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிற்றொலிநாடா, இசையைப் பதிவுசெய்யவும் படியெடுக்கவும் எளிய வழியைத் தந்தது. அதன் விளைவாக வட இந்திய மக்கள் இசை அடைந்த மாற்றங்களைப் பீட்டர் மானுவல் 1993இல் வெளியிட்ட நூல் விளக்குகிறது. தமிழகச் சிற்றூர் ஒன்றில் ஒலிநாடாவை ஒலிபெருக்கி வழியாக ஒலிக்கச்செய்வதே வழிபாட்டுச் செயலாக அமைந்ததைப் பால் கிரீன் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இவ்வழக்கம் தென்புறநகருக்கும் பொருந்தும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் நாள்களில் விடியற்காலையிலேயே 'மைக் செட்' பாடல்கள் ஒலிப்பதும், மஞ்சள் நீராட்டு விழாவிற்கும் திருமணத்திற்கும் பந்தற்காலோடு குழாய் ஒலிபெருக்கி கட்டப்படுவதும் குரோம்பேட்டை, பம்மல், சேலையூர் போன்ற பகுதிகளில் வாழ்வோர் நன்கறிந்தவை. விழா நடைபெறுகிறது என்ற செய்தியை ஊருக்கு அறிவிக்கும் அழைப்பாகவும் அவ்வொலி விளங்கியது.

ஆயினும், அழைப்பாக அமையும் ஒலியே நோயாளிக்கும் தேர்வெழுதும் மாணவருக்கும் தொல்லையாக மாறக்கூடும். இம்முரணைத் தீர்க்கவே ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்புகளாகும். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் தொலைவுக்கு அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்தில் இவ்வரம்பு முறையே 50, 40 டெசிபல் ஆகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தத் தடை உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்களிக்கலாம்.

இவ்விதிகள் குறித்த முதன்மையான தீர்ப்புகளுள் ஒன்று சென்னையிலிருந்து எழுந்த வழக்கில் வழங்கப்பெற்றது. குடியிருப்பு நலச்சங்கம் ஒன்றுக்கும் வழிபாட்டு அமைப்பு ஒன்றுக்கும் இடையிலான அவ்வழக்கில், பிறரின் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வழியே வழிபடுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கூறியது. எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவான இந்நெறி, 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மேலும் விரித்துரைக்கப்பெற்றது. கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கச் செய்யும் உரிமை எவர்க்கும் இல்லை என்பதே இத்தீர்ப்புகளின் சாரமாகும்.

தனிச்செவியின் தோற்றம்

கேட்க விரும்பாதவரின் உரிமையைச் சட்டம் பேசிக்கொண்டிருந்த வேளையில், தொழில்நுட்பம் வேறொரு தீர்வை முன்வைத்தது. 1947இல் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டர், 1954இல் சட்டைப்பையில் அடங்கும் வானொலியாக விற்பனைக்கு வந்தது. 1979இல் சோனி நிறுவனம் வெளியிட்ட 'வாக்மேன்', நடந்துகொண்டே தனியாகக் கேட்கும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் சென்னையிலேயே தொடங்கியது. எனினும், தனியார் பண்பலை நிலையங்களும் வானொலி வசதியுள்ள விலை குறைந்த கைப்பேசிகளும் 2000க்குப் பின் வந்த பிறகே அது இளைஞரின் செவிகளை முழுமையாகச் சென்றடைந்தது. வானொலிப் பெட்டி வைத்திருக்க அரசிடம் உரிமம் பெறவேண்டிய நிலை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்ததை எண்ணிப் பார்த்தால், இம்மாற்றத்தின் விரைவு புலப்படும்.

திறன்பேசி இவ்வளர்ச்சியின் அடுத்த நிலையாகும். வானொலி, ஒலிநாடாக் கருவி, தொலைபேசி, ஒலிவாங்கி ஆகிய அனைத்தும் ஒரே கருவியில் அடங்கின. புளூடூத் தொழில்நுட்பம் கம்பியையும் நீக்கியது. இரைச்சலை நீக்கும் காதொலிப்பான்கள், வெளியிலிருந்து வரும் ஒலியலையை நுண்ணிய ஒலிவாங்கியால் உணர்ந்து அதற்கு நேரெதிரான அலையை உருவாக்கி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்குமாறு செய்கின்றன. ரயில் சக்கரம், இயந்திரம் போன்றவற்றின் தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலியை இம்முறை நன்கு குறைக்கிறது. மனிதக் குரல், ஊதல் போன்ற திடீர் ஒலிகளை அந்த அளவிற்குக் குறைப்பதில்லை.

மின்சார ரயில் பெட்டி என்னும் களம்

காலை வேளையில் தாம்பரத்தில் புறப்படும் மின்சார ரயிலில், பல்லாவரத்தைக் கடக்கும் முன்னரே நிற்பதற்கும் இடமிருப்பதில்லை. திரிசூலத்தில் வானூர்திகளின் ஓசை மேலிருந்தும், திறந்த கதவுகளின் வழியாகத் தண்டவாள இரைச்சல் கீழிருந்தும் எழுகின்றன. இந்நெரிசலில் பயணிக்கு உடல் அளவில் தனியிடம் கிடைப்பதில்லை. செவி அளவிலேனும் அத்தனியிடத்தைக் காதொலிப்பான் அளிக்கிறது. போட்டித்தேர்வுக்கான பாடம், அலுவலகக் கூட்டம், பக்திச் சொற்பொழிவு, திரைப்பாடல், ஊரிலுள்ள உறவினருடன் உரையாடல் என ஒவ்வொருவரும் வெவ்வேறு உலகில் இருக்கின்றனர். இல்லத்தில் படிக்கத் தனியறை இல்லாத மாணவர்க்கும், நாள் முழுவதும் பிறர் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டிய பணிமகளிர்க்கும் இப்பயண நேரமே தமக்கெனக் கிடைக்கும் பொழுதாகும். ஆகவே, காதொலிப்பானை ஆடம்பரம் என்றோ இளைஞரின் அலட்சியம் என்றோ ஒதுக்கிவிட இயலாது.

நாகரிகக் கடப்பாடும் இதனோடு இணைந்துள்ளது. ரயில் பெட்டிகளில் காதொலிப்பான் இன்றி உரத்த ஒலியில் பாடல் கேட்போர் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022ஆம் ஆண்டு இந்திய ரயில்வே அறிவுறுத்தியது. இவ்வகையில், பிறர்க்கு இடையூறு செய்யாதவர் என்பதன் அடையாளமாகவும் காதொலிப்பான் விளங்குகிறது. ஒலிபெருக்கிக் காலத்தில் எழுந்த முரணைத் தனிச்செவி தீர்த்துவைத்தது போலவே தோன்றுகிறது. ஆனால், அத்தீர்வுக்குரிய விலை வேறிடங்களில் செலுத்தப்படுகிறது.

செவியின் கணக்கு

மனிதரின் உட்செவியில் காக்ளியா எனப்படும் நத்தை வடிவ உறுப்பினுள் ஏறத்தாழ 15,000 உணர்மயிர்ச் செல்கள் உள்ளன. ஒலியலையை நரம்புத் துடிப்பாக மாற்ற உதவும் இச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஒலியின் வலிமையோடு கேட்கும் நேரமும் சேர்ந்தே அழிவின் அளவைத் தீர்மானிக்கிறது. இக்கருத்தின் அடிப்படையில் உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2018இல் தனிநபர் ஒலிக்கருவிகளுக்கான தரநிலையை வெளியிட்டன. அதன்படி வளர்ந்தோர் வாரத்திற்கு 80 டெசிபல் அளவில் 40 மணிநேரம் கேட்கலாம். ஒலி 3 டெசிபல் உயரும்போதெல்லாம் ஒலியாற்றல் இருமடங்காவதால் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். 83 டெசிபலில் 20 மணிநேரமும், 86 டெசிபலில் 10 மணிநேரமும், 89 டெசிபலில் 5 மணிநேரமும் மட்டுமே பாதுகாப்பானவை.

இக்கணக்கைத் தாம்பரம் பயணிக்குப் பொருத்திப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்ல ஏறத்தாழ ஒரு மணிநேரமும் திரும்ப ஒரு மணிநேரமும் ஆகும் எனக் கொண்டால், ஐந்து வேலைநாள்களில் பயணநேரம் 10 மணிநேரம் ஆகிறது. பெட்டியின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியை 86 டெசிபலுக்கு உயர்த்தும் ஒருவர், வாரம் முழுமைக்குமான அளவைப் பயணத்திலேயே தீர்த்துவிடுகிறார். 89 டெசிபலில் கேட்பவர் புதன்கிழமைக் காலைப் பயணத்தோடு அவ்வளவை எட்டிவிடுகிறார். இரவு உறங்குமுன் பார்க்கும் காணொலிகளும் அலுவலக அழைப்புகளும் இக்கணக்கில் சேரவில்லை. திறன்பேசியோடு இணைந்த காதொலிப்பான்கள் பல 100 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் திறனுடையவை என்பதையும் கருத வேண்டும். உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் பாதுகாப்பற்ற கேட்கும் பழக்கங்களால் செவித்திறன் இழப்பை எதிர்நோக்குவதாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

இவ்விடத்தில் பொருளியல் வேறுபாடும் தலைகாட்டுகிறது. சுற்றுப்புறம் அமைதியாக இருந்தால் காதொலிப்பானின் ஒலியை உயர்த்த வேண்டிய தேவை குறைகிறது. இரைச்சலை நீக்கும் கருவி வாங்கவல்லவர்க்கும், 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு தடத்தில் அறிமுகமான குளிர்சாதன மின்சார ரயிலில் பல மடங்கு கட்டணம் செலுத்திச் செல்லவல்லவர்க்கும் அவ்வமைதி கிட்டுகிறது. விலை குறைந்த காதொலிப்பானோடு திறந்த கதவருகே நின்று பயணிப்பவரே ஒலியை மிகுதியாக உயர்த்துகிறார். அமைதி விலைக்குரிய பொருளாக மாறிவருகிறது என்பதை இதனால் உணரலாம்.

கேளாமையின் விளைவுகள்

தனிச்செவியின் விளைவு கேட்பவரோடு நின்றுவிடுவதில்லை. தென்புறநகரில் ரயில் தடம் குடியிருப்புகளை இரண்டாகப் பிரித்துச் செல்கிறது. நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ தொலைவில் அமையுமிடங்களில் மக்கள் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கின்றனர். ரயில்வே சட்டம் 1989இன் 147ஆம் பிரிவு இதனை ஆறு மாதம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை தண்டமோ விதிக்கத்தக்க குற்றமாகக் கூறுகிறது. எச்சரிக்கை ஊதல் என்பது பொதுச்செவியை நம்பி அமைந்த ஏற்பாடாகும். காதொலிப்பான் அணிந்தவரிடம் அவ்வேற்பாடு பயனிழக்கிறது. தண்டவாளத்தைக் கடக்கும்போது கைப்பேசியையும் காதொலிப்பானையும் தவிர்க்குமாறு ரயில்வே காவல்துறையினர் மாணவரிடையே தொடர்ந்து வலியுறுத்தி வருவதற்கு இதுவே காரணம். ஆயினும் அறிவுரை மட்டும் போதாது. கடக்கும் தேவை உள்ள இடங்களில் பாதுகாப்பான பாதை அமைவதே நிலையான தீர்வாகும்.

மற்றொரு விளைவு அவ்வளவாகக் கவனிக்கப்பெறவில்லை. புறநகர் மின்சார ரயில்களில் பார்வை மாற்றுத்திறனாளிகள் பலர் சிறுபொருள்களை விற்றும், தோளில் மாட்டிய சிறிய ஒலிபெருக்கியின் துணையோடு திரைப்பாடல்களைப் பாடியும் வாழ்க்கை நடத்துகின்றனர். குரலே அவர்களுடைய கடைப்பலகை. பயணிகளின் திறந்த செவியே அவர்களுடைய சந்தை. பெட்டியிலுள்ளோர் காதொலிப்பானுக்குள் ஒடுங்கும்போது அக்குரல் அவர்களை எட்டுவதில்லை. முகக்குறிப்பைக் காண இயலாத பாடகர், தம் பாடலைக் கேட்பவர் இருக்கின்றனரா என்பதையும் அறிய முடிவதில்லை. ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு உரிமமின்றி விற்பதையும் இரந்து பெறுவதையும் தடைசெய்வதால், இவர்களின் வாழ்வாதாரத்திற்குச் சட்டத்தின் துணையும் இல்லை. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரு ஒலிக்கருவிகளான சிறு ஒலிபெருக்கியும் காதொலிப்பானும் ஒரே பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று எதிராக இயங்குவதை இங்குக் காணமுடிகிறது.

செவியைத் திறக்கும் கருவிகள்

ஒலிக்கருவிகள் செவியை மூடுவன மட்டுமே எனக் கொள்வது முழுமையான பார்வையாகாது. பார்வை மாற்றுத்திறனாளிகள் திறன்பேசியின் திரைவாசிப்பு மென்பொருள்கள் வழியாகத் தமிழ் நாளிதழ்களையும் நூல்களையும் கேட்கின்றனர். அவர்களுக்கு ரயில் நிலைய நடைமேடை அறிவிப்பும் கைப்பேசியின் குரலும் வழித்துணையாகின்றன. பிறவியிலேயே செவித்திறன் இழந்த குழந்தைகளுக்குக் காக்ளியர் உள்வைப்புக் கருவி பொருத்தும் சிகிச்சை, தமிழ்நாடு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழி ஏழைக் குடும்பங்களுக்கும் கிடைக்கிறது. தென்புறநகரின் முட்டுக்காட்டில் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் மறுவாழ்வுப் பணிகளில் ஈடுபட்டுள்ளது. செவித்திறனை மீட்டுத் தரப் பெரும்பொருள் செலவிடும் சமூகம், இருக்கும் செவித்திறனைக் காப்பதற்குப் போதிய கருத்துச் செலுத்தவில்லை என்பது எண்ணத்தக்கது.

சட்டத்தின் இடைவெளி

ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிக் காலத்தின் பட்டறிவிலிருந்து பிறந்தவை. ஒலி வெளியே பரவிப் பிறரைத் தாக்குகிறது என்பதே அவற்றின் அடிப்படை. சென்னை உள்ளிட்ட ஏழு பெருநகரங்களில் 2011 முதல் செயற்பட்டுவரும் சுற்றுப்புற ஒலி கண்காணிப்பு வலையமைப்பும் திறந்தவெளி ஒலியையே அளக்கிறது. காதொலிப்பானுக்குள் 95 டெசிபல் ஒலித்தாலும் அருகில் நிற்பவர்க்கு அது மெல்லிய முணுமுணுப்பாகவே கேட்கும். அவ்வலையமைப்பு அதனை அளப்பதும் இல்லை. கட்டுப்படுத்தும் விதியும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் இசைக்கருவிகளுக்கு 85 டெசிபல் இயல்பு வரம்பாகவும், அதனைத் தாண்டுமுன் எச்சரிக்கை காட்டுவது கட்டாயமாகவும் 2013 முதல் உள்ளது. இத்தகைய ஏற்பாட்டை இங்கும் கருதலாம். சுற்றுப்புற இரைச்சலைக் குறைப்பது காதொலிப்பானின் ஒலியையும் குறைக்கும் என்பதால், ரயில் பெட்டியின் இரைச்சல் கட்டுப்பாடும் செவிநலத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.

முடிவுரை

1930களில் கடற்கரையில் நின்று ஒரே ஒலிபெருக்கியைப் பலர் கேட்ட நகரம், இன்று ஒரே ரயில் பெட்டியில் நின்று நூறு வெவ்வேறு ஒலிகளைத் தனித்தனியே கேட்கிறது. ஒலிபெருக்கியின் தொல்லை பிறர் மீது விழுந்தமையால் அதற்குச் சட்டம் உருவாயிற்று. காதொலிப்பானின் பாதிப்பு அணிந்தவரின் செவியிலும், அவருடைய செவியை நம்பி வாழும் எளியோரின் மீதும் ஓசையின்றி விழுவதால் அது முறையீடாக எழவில்லை. கல்லூரிகளில் செவித்திறன் பரிசோதனையையும் பாதுகாப்பான கேட்டல் குறித்த பயிற்சியையும் மேற்கொள்வதும், ரயில் பாடகர், விற்பனையாளர் ஆகியோரின் வாழ்வாதாரத்தைக் கள ஆய்வுக்கு உட்படுத்துவதும் உடனடித் தேவைகளாகும். தமிழில் எழுத்து, அச்சு, காட்சி ஊடகங்கள் ஆராயப்பட்ட அளவிற்குக் கேட்டல் ஆராயப்படவில்லை. கேள்வியை அறிவின் வாயிலாகக் கொண்ட மரபிற்கு, எதைக் கேட்கிறோம் என்பதோடு எவரைக் கேளாமல் விடுகிறோம் என்பதும் ஆய்வுக்குரிய பொருளாதல் வேண்டும்.